நீ அனுப்பிய ஹெலிகாப்டர்

கோவில்பட்டி,
கார்த்திகை 9.

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். தங்கை வீட்டிலும் எல்லாரும் சுகம். அங்கே நீயும் மருமகளும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாப்பா தென்காசியில் இருப்பதாக அம்மா சொன்னாள். கார்த்திகை மாசத்தில் எந்தப் பள்ளிக்கூடம் இத்தனை நாள் லீவு விடுகிறது என்று கேட்டேன். மெட்ராஸில் மழை லீவாக இருக்கும் என்று அவளே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டாள்.

போன் செய்யலாமே, கடிதம் எதற்கு என்பாய். அடித்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தால் மீட்டிங்கில் இருக்கேன்ப்பா என்கிறாய். ராத்திரி பதினோரு மணிக்கு மீட்டிங் வைக்கிற கம்பெனி நல்ல கம்பெனிதான். அதனால் எழுதுகிறேன். கை இன்னும் நடுங்கவில்லை, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

நீ பேசின வீடியோ இரண்டையும் தங்கை டிவியில் போட்டுக் காட்டினாள். தடுமாறாமல் பேசினாய். ழகரம் சுத்தமாக வந்தது. மேடையேறினால் வியர்த்துக் கொட்டுகிற பிள்ளையா இது என்று எனக்கு ஆச்சரியம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். நீ ஹெலிகாப்டரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாய். முகம் வாடியிருக்கு, கன்னம் ஒட்டியிருக்கு என்றாள். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆளில்லாத வீட்டில் சமைக்கச் சோம்பலாகத்தான் இருக்கும். ஒரு உலை அரிசி வைத்தால் ரசத்தை ஊற்றியாவது சாப்பிடலாம்.

மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே எகிப்துக்காரன் கல்லில் ஹெலிகாப்டர் செதுக்கினான், பக்கத்திலேயே நீர்மூழ்கிக் கப்பலும் ஜெட் விமானமும் இருக்கு, இதையெல்லாம் மறைக்கிறார்கள் என்றாய். கண்ணால் பார்க்காததை ஒருத்தன் எப்படி வரைவான் என்றும் கேட்டாய். நான் ஆயுசு முழுக்கச் சுவரில் எழுதினவன். அந்தப் படத்தைப் பார்த்த உடனே எனக்கு வடக்குத் தெரு அரிசி மில் சுவர்தான் ஞாபகம் வந்தது.

உனக்கும் அது மறந்திருக்காது. தேர்தலுக்குத் தேர்தல் கட்சிக்காரர்கள் சண்டை போட்டு ரிசர்வ் செய்கிற சுவர். ரெண்டு கோட் சுண்ணாம்பு அடித்து, நூல் தட்டி, எழுதிக் கொடுப்பேன். வஜ்ரப் பசை சரியாகச் சேராத வருஷத்தில் ஐப்பசி மழைக்குச் சுண்ணாம்பு கரைந்து, அடியில் இருந்த சோப்பு விளம்பரம் மேலே வந்துவிடும். உதயசூரியன் கதிருக்குள்ளே ஒரு பெண் முகம் தெரியும். இரட்டை இலைக்காம்பில் சலவை என்று எழுத்து முளைத்திருக்கும். அப்படி ஒரு மழைக்கு, அம்மன் முகம் தெரியுது என்று கற்பூரம் கொளுத்திக் கூட்டம் கூடிவிட்டது. நீ என் பக்கத்தில் நின்று, அது எங்க அப்பா எழுதின சோப்பு அக்கா என்று சத்தமாகச் சொன்னாய். நாலு பேர் அடிக்க வந்தார்கள். உன்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். இந்த மூளை யாருக்கு வரும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பெரியப்பாகூட அன்றைக்கு ஒன்றும் குத்திப் பேசவில்லை.

நீ காட்டினது அபிடோஸ் என்ற ஊரில் முதலாம் சேத்தி என்ற ராசா கட்டின கோயில். கி.மு. 1279 வாக்கில் அவர் காலமானபோது வேலை முடியவில்லை. மகன் இரண்டாம் ராம்சேஸ் முடித்து வைத்தார். தூண் மண்டபத்தில், தூண்களுக்கு மேலே ஓடுகிற உத்தரக் கல்லில்தான் உன் ஹெலிகாப்டர் இருக்கிறது. அந்த இடத்தில் முதலில் சேத்தியின் பட்டத்தைச் செதுக்கியிருந்தார்கள்: ஒன்பது வில்லாரை விரட்டியவர். எகிப்துக்கு எதிரிகள் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஒன்பது வில் என்பது அவர்கள் வழக்கு. மகன் பட்டத்துக்கு வந்த பிறகு அந்தப் பள்ளத்தைச் சாந்து வைத்து அடைத்து, அதன் மேலேயே தன் பட்டத்தை வெட்டச் சொன்னார்: எகிப்தைக் காப்பவர், அயல்நாடுகளை அடக்கியவர். சாந்து எத்தனை காலத்துக்கு நிற்கும்? உதிர்ந்துவிட்டது. இப்போது அப்பன் எழுத்தும் மகன் எழுத்தும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கிறது. அதை நீ ஹெலிகாப்டர் என்கிறாய்.

ராம்சேசின் இதே பட்டம் எகிப்தில் வேறு பல கற்களில் சுத்தமாகப் பதிந்திருக்கிறது. எழுத்துக்கு எழுத்து படிக்கலாம். அங்கெல்லாம் ஹெலிகாப்டரும் இல்லை, கப்பலும் இல்லை. அடியில் பழைய எழுத்து கிடக்கிற இடத்தில் மட்டும் வந்து இறங்குகிற விமானத்தை என்னவென்று சொல்வது?

இன்னொன்று. உன் வீடியோவில் அந்த ஒரு துண்டு மட்டும்தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் வெட்டியிருந்தது. தங்கை தேடி, உத்தரம் நீளமாகத் தெரிகிற படம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ராசாவின் பெயரும் பட்டமும் வரிசையாக ஓடுகிற நடுவில்தான் அந்தத் துண்டும் இருக்கிறது. நீ முழுப் படத்தைப் பார்த்தாயா இல்லையா? பார்த்துவிட்டு வெட்டியிருந்தால் எனக்குக் கோபம். பார்க்காமலே பேசியிருந்தால் அதைவிடக் கோபம்.

சுவர் பார்ப்பது எனக்குத் தொழில் வியாதி. உனக்குப் பின்னால் இருந்த சுவரும் கண்ணில் பட்டது. காலண்டர் ஆடி மாசத்திலேயே நிற்கிறது. கல்யாண ஃபோட்டோ இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. கண்ணாடி மாற்றக் கொடுத்திருப்பாய்.

அந்தச் சேத்தி கோயிலில் நீ காட்டாத ஒரு சுவர் இருக்கிறது. முன்னோர்களில் தொடங்கிச் சேத்தி வரைக்கும் 76 ராசாக்களின் பெயரை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சேத்தி நிற்கிறார், அவருக்கு முன்னால் பையன் ராம்சேஸ் ஒருபக்கக் குடுமியோடு பாப்பிரஸ் சுருளைக் கையில் விரித்துப் பிடித்திருக்கிறான். அதில் ஹத்செப்சுட் பெயர் இல்லை. அக்கெனாத்தன் இல்லை. இப்போது உலகம் பூராவும் தெரிந்த துட்டன்காமனும் இல்லை. வேண்டாதவர்களை விட்டுவிட்டார்கள். மறைக்கிறான் மறைக்கிறான் என்கிறாயே, நிசமாகவே மறைத்தது இதுதான். அதைக் கண்டுபிடித்து எழுதினவர்களும் நீ வாய்க்கு வந்தபடி பேசுகிற அதே ஆராய்ச்சிக்காரர்கள்தான்.

அப்பா கோயில் பாதியில் கிடந்ததைப் பார்த்து நான்தான் முடித்து வைத்தேன் என்று ராம்சேஸ் அங்கேயே நீளமாகக் கல்வெட்டு வைத்திருக்கிறார். நல்ல பிள்ளை என்பதா, அப்பன் எழுத்தின் மேலேயே சாந்து பூசினவன் என்பதா? இரண்டும்தான். தங்கை சிரித்தாள்.

ஹெலிகாப்டராவது போகட்டும், அது உன் பாடமில்லை. இரண்டாவது வீடியோவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டெண்டெரா பல்பு! எகிப்தில் டெண்டெரா கோயில் சுவரில் செதுக்கியிருப்பது கரண்ட் பல்பு என்கிறாய். கரண்ட் உன் பாடம் அல்லவா. அதற்காகத்தானே அம்மாவின் ரெட்டைவடம் போனது.

டெண்டெரா கோயில் கெனா நகரத்துக்குப் பக்கத்தில், ஹாத்தோர் என்ற தேவதைக்குக் கட்டினது. சேத்தி காலத்துக்கு ஆயிரத்து இருநூறு வருஷம் பிந்தியது. வெளிப்பின்சுவரில் கிளியோபாட்ராவும் மகன் சிசேரியனும் நிற்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள். கோயிலுக்கு அடியில் ஆள் ஒடுங்கிப் போகிற அறைகள். சாமி சிலைகளையும் பூசைச் சாமான்களையும் பத்திரமாக வைத்திருந்தார்கள். புத்தாண்டு விழாவுக்கு வெளியே எடுத்து, மாடிக்குக் கொண்டுபோய் வெயில் படக் காட்டுவார்கள். உள்ளே வைத்திருந்ததன் உருவத்தைச் சுவரில் செதுக்கி, இது இன்ன சாமி, இன்ன உலோகம், இத்தனை உயரம் என்று பக்கத்திலேயே எழுதியும் வைத்தார்கள். கோயில் சொத்துப் பட்டியல்தான், வேறென்ன.

தாமரைப் பூவிலிருந்து பாம்பாகக் கிளம்புகிறது ஹார்சொம்தூஸ், ஹாத்தோரின் பிள்ளை. நீ பாம்பை ஃபிலமென்ட் என்றாய், சுற்றியுள்ள நீளவட்டத்தைக் கண்ணாடி என்றாய், தாமரைத் தண்டு கேபிள், கை முளைத்த ஜெத் என்ற சாமித் தூண் இன்சுலேட்டர். கத்தி பிடித்த குரங்கு, ஷாக் அடிக்கும் என்ற எச்சரிக்கை போர்டு! அதற்கு மட்டும் நான் சிரித்துவிட்டேன். ஆனால் படத்தைச் சுற்றி வரிவரியாக இருக்கிற எழுத்தில் ஒன்றைக்கூட நீ படித்துச் சொல்லவில்லை. வோல்ஃப்காங் வைட்குஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அந்த அடியறை எழுத்துகளை மொழிபெயர்த்து 1997-இல் வெளியிட்டிருக்கிறார். அதில் பாம்பும் தாமரையும் சாமியும் தங்கமும்தான் வருகிறது.

பாலிடெக்னிக் முதல் வருஷத்தில் நம்ம கடை போர்டுக்கு நீ சீரியல் லைட் மாட்டினாய். எரியவில்லை. ஸ்டூல் மேலே நின்று எனக்குப் பாடம் எடுத்தாய்: போன கரண்ட் திரும்பி வரணும்ப்பா, வராட்டி எரியாது. எனக்குத் தெரிந்த எலக்ட்ரிக்கல் அவ்வளவுதான். அதை வைத்தே கேட்கிறேன். அந்தப் பாம்புக்கு வால் பூவில் இருக்கிறது, தலை வெறும் இடத்தில் நிற்கிறது. கரண்ட் எந்த வழியாகத் திரும்புகிறது?

பேட்டரிக்கு நீ காட்டின ஜாடி எகிப்தே இல்லை. பாக்தாத் பக்கத்தில் 1936-இல் கிடைத்தது. மண் ஜாடிக்குள் செம்புக் குழல், அதற்குள் இரும்புக் கம்பி. அதே மாதிரி செய்து புளித்த திரவம் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு ஒரு வோல்ட்டைச் சுற்றித்தான் வந்திருக்கிறது. கூட ஒரு வயர்த்துண்டும் கிடைக்கவில்லை. நாற்பது வாட் பல்பு ஒன்று எரிய எத்தனை ஜாடி அடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு எனக்கு எழுது. கால்குலேட்டர் வேண்டாம், நீ மனக்கணக்கில் போடுவாய்.

கல்லறைக்குள் இருட்டில் எதை வைத்து எழுதினார்கள் என்று கேட்டாயே, அதற்குக் கணக்கே இருக்கிறது. ராசாக்களின் கல்லறையை வெட்டின ஆட்கள் குடும்பத்தோடு இருந்த ஊர் தேர் எல்-மெதினா. பழைய லினன் துணியை முறுக்கிக் கொழுப்பில் தோய்த்த திரிதான் விளக்கு. காலை வேலைக்கு இத்தனை திரி, மத்தியான வேலைக்கு இத்தனை திரி என்று கல்சில்லுகளில் குறித்து வைத்திருக்கிறார்கள். பல்பு இருந்தால் திரிக்கு எதற்கு ரசீது?

அந்த ஊர்க்காரர்கள்தான் மூன்றாம் ராம்சேஸ் பட்டத்துக்கு வந்த 29-ஆம் வருஷம், கூலித் தானியம் வரவில்லை என்று வேலையைப் போட்டுவிட்டுக் கோயில் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். பசிக்குது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். கூலி வரவில்லை என்று சொல்வதற்கு அவர்களுக்கு வெட்கமே இருக்கவில்லை.

ஹோரெம்ஹெப் ராசா கல்லறையில் வேலை நடுவில் நின்றுபோன சுவர் ஒன்று இருக்கிறது. அந்தப் படத்தை நான் காலையிலிருந்து மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். முதலில் சிவப்பில் ஒருத்தன் உருவம் போட்டிருக்கிறான். அதன் மேலே கறுப்பில் மேஸ்திரி திருத்தியிருக்கிறார். இங்கே தோளை இறக்கு, இங்கே காலை நீட்டு என்று. அதற்குப் பிறகுதான் உளி. கட்டம் போடுவதற்கு நூலைச் சிவப்பில் தோய்த்துச் சுண்டியிருக்கிறார்கள், நூல் தெறித்த பிசிறுகூடத் தெரியும். நான் நீலத்தில் தோய்ப்பேன், அவன் காவியில் தோய்த்தான். திருத்து வாங்கினவன் பையனாகத்தான் இருப்பான், கை அப்படி. அவன் வாயைத் திறந்து நான்தான் எழுதினேன் என்று சொல்ல முடியாது. அதனால் நீ மேலே இருந்து யாரோ வந்து சொல்லிக் கொடுத்தார்கள் என்கிறாய். ஃப்ளெக்ஸ் வந்து நம்ம பிழைப்பு போனபோதுகூட, எழுதினது நாம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை தம்பி.

நீ முட்டாள் என்று நான் சொல்ல வரவில்லை. கிர்ஷர் என்று ஒரு பாதிரியார், பதினேழாம் நூற்றாண்டில் இருந்தவர். அத்தனை பாஷை தெரிந்த மனுஷன். ஒரு எகிப்து ராசாவின் வெறும் பெயரைப் பார்த்து ஒசைரிஸ் சாமி, சடங்கு, நைல் நதி என்று ஒரு மந்திர வாக்கியமாகவே விரித்து எழுதிவிட்டார். கெட்டிக்காரர்களுக்குத்தான் இதெல்லாம் நடக்கும், மண்டையில் அவ்வளவு ஓடும். ராத்திரி தூங்காமல் இருந்தால் இன்னும் அதிகமாக ஓடும். 1822-இல் சாம்போலியன் என்ற பிரெஞ்சுக்காரர் எழுத்தைப் படிக்க வழி கண்ட பிறகு அந்த மந்திரம் முடிந்துபோனது. அதற்கப்புறமும் படம் பார்த்துக் கதை சொல்வதென்றால், வாசிக்க மாட்டேன் என்று முடிவெடுத்த மாதிரிதான். ராத்திரி பத்துக்கெல்லாம் படு. அந்த இரண்டாவது வீடியோ விடிகாலை மூன்று மணிக்குப் போட்டதாகத் தங்கை சொன்னாள்.

எகிப்தைப் பற்றியே பேச வேண்டும் என்று ஆசையாக இருந்தால் பேச விஷயமா இல்லை? செங்கடல் கரையில் குசைர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் ஒரு பானை ஓடு கிடைத்தது. பானை ஒறி என்று தமிழ்-பிராமியில் கீறியிருக்கிறது, இரண்டு இடத்தில். கி.மு. முதல் நூற்றாண்டு எழுத்து என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார், 2007-இல் பேப்பரில் வந்தது. உறியில் தொங்கின பானை. நம்ம பக்கத்து ஆள் ஒருத்தன் அங்கே இருந்து தன் பானையில் எழுதியிருக்கிறான். அதைப் பற்றிப் பேசு, நான் தெருவில் எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிறேன். பார்க்கிறவர்கள் குறைவாக வருவார்கள், வரட்டும். எத்தனை பேர் பார்க்கிறார்களோ அதற்குத் தகுந்தபடி காசு வருமாமே, மாசம் எவ்வளவு வரும் என்று தங்கை உன்னிடம் கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

ஊர்ச் சேதி நிறைய எழுத நினைத்தேன். மாமா கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ் சந்தில் ரோடு போட்டார்கள், போட்ட அன்றே பைப்புக்குத் தோண்டினார்கள். மற்றதை நேரில் பேசலாம். வீட்டில் அரிசி இருக்கிறதா? காலையில் வெறும் டீயோடு நிறுத்தாதே.

போன வாரம் மாமா ஆபரேஷன் விஷயமாக உன்னைப் பிடிக்க முடியாமல், நீ முன்னே எழுதிக் கொடுத்த ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன். ஒரு பெண்பிள்ளை எடுத்தது. உன் பேரைச் சொன்னதும், அவர் இப்போ இங்கே இல்லையே சார், ஆடி மாசமே என்று ஆரம்பித்தது. ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தும் இருக்கலாம், அவள் கேட்கவில்லை. மருமகளிடமும் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வாரம் தவறாமல் அம்மாவுக்கு போன் செய்கிறாள், உன்னைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேசினதில்லை. பாப்பா மட்டும், அப்பா டிவியில வர்றாங்க தாத்தா என்றாள்.

ஜாடிக் கணக்கை மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: கடையைக் காலி செய்துவிட்டேன். அட்வான்ஸ் பணம் முழுசாகத் திரும்பி வந்தது, அம்மா கணக்கில் போட்டிருக்கிறேன். எங்களுக்கு இப்போது அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அந்த ஏடிஎம் கார்டு உன்னிடம்தான் இருக்கிறது. நம்பர் மாற்றவில்லை.